பெரிய பழசா, சின்னப் புதுசா?

பீற்றிஸ் மிஸி மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறாள் என்ற செய்தி, அவள் வாங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய்விட்டது.

கொண்டுபோனவர் அழகரத்தினம். குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூர்த் துறைக்குப் போகும் பாதையைத் தள்ளுகிறவர் அவர்தான். இரண்டு வள்ளங்களை அருகருகே சேர்த்து, மேலே பலகை அடித்த மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். ஆளும் மாடும் நெல்மூட்டையும் சைக்கிளும் அதில்தான் அக்கரை போகும். கூடவே ஊர்ப் புதினமும் போகும்.

"மெய்தானா மிஸி?" என்று கேட்டார் அழகரத்தினம், கம்பை ஊன்றிக்கொண்டே.

"என்னது?"

"மோட்டச்சைக்கிள் எடுக்கப் போறீங்களாம்."

"ஓம் அண்ணன். யோசிச்சுக்கொண்டிருக்கம்."

"ஆரு ஓடுற? கிளாக்கர் ஐயாவா?"

"நான்தான்."

அழகரத்தினம் அடுத்த தடவை கம்பை ஊன்ற மறந்துபோனார். பாதை பக்கவாட்டில் இரண்டு முழம் நகர்ந்தது.

"சாறியோடயா?"

"பின்ன? உங்கட சாறன வாங்கியா உடுக்கிற?"

பாதையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பீற்றிஸும் சிரித்தாள். ஆனால் மண்டூர்க் கரையில் இறங்கித் தன் சைக்கிளில் ஏறியபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மோட்டார் சைக்கிள் அவளுக்கு ஆசைக்கு வேண்டிய சாமான் அல்ல. அவளுடைய பகுதியில் இருக்கும் கண்ணகைக்கு மாசிக் கடைசியில் பிள்ளை பிறக்க வேண்டும்.

பீற்றிஸ் அரசாங்க மருத்துவிச்சி. வயது முப்பது. தன்னாமுனைப் பெண். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் சிறிலைக் கட்டி, களுவாஞ்சிகுடியில் வாடகை வீட்டில் இருந்தாள். அவளுடைய பகுதியோ அக்கரையில், மண்டூரும் அதற்கு மேற்கே கிடக்கும் வயல் வட்டைகளும். அங்கே குவாட்டர்ஸ் கட்டித் தருவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் இதே அறுவடைக் காலத்தில் கண்ணகையின் முதல் பிள்ளைக்கு வந்து கூப்பிட்டார்கள். வட்டை, துறையிலிருந்து ஆறு மைல். மணலும் கிரவலும் கலந்த வண்டித் தடத்தில் பீற்றிஸ் சைக்கிளை உழக்கிப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. போனபோது பிள்ளை பிறந்து கிடந்தது. அழவில்லை. யாரும் அதன் வாயைத் துடைத்து மூச்சை வரவைக்கவில்லை. செய்யத் தெரிந்தவள் அப்போதுதான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

'பிந்திப் போனீங்க' என்று கண்ணகை ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த முறை வயிற்றில் பிள்ளை தங்கியதும், "மிஸி, நீங்க வந்திருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவன்" என்று பீற்றிஸ் சொல்லியிருந்தாள்.

அந்தச் சொல்லுக்காகத்தான் மோட்டார் சைக்கிள்.

எதை வாங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை.

சிறில் தினமும் கச்சேரிக்குப் போகும் பஸ், காத்தான்குடியில் முகைதீன்பாவாவின் கராஜைத் தாண்டித்தான் போகும். அந்த வாசலில் ஒரு பெரிய சிவப்பு மோட்டார் சைக்கிள் நின்றது. நிலம் அளக்கும் சேவையர் ஒருவர் ஓடிவிட்டு மாற்றலாகிப் போகும்போது விற்றது. சிறில் போகும்போது வலப்பக்க யன்னலிலும் வரும்போது இடப்பக்க யன்னலிலும் இருந்து அதைப் பார்த்தே ஒரு வருடம் ஆகிவிட்டது. கச்சேரி நண்பன் ஒருவனின் வண்டியில் பழகி லைசென்சும் எடுத்து வைத்திருந்தான். வண்டிதான் இல்லை.

"இஞ்ச பார் புள்ள, டவுணில புதுசா வந்து நிக்கிற அந்த நீலச் சாமானும் இதுவும் ஏறக்குறைய ஒரே விலை. அது ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு. இது குதிரை. இதுல ஏறினா ஒரு ஆள் மாதிரி இருக்கும்."

"இப்ப ஆர் மாதிரி இருக்கீங்க?"

"பகிடி விடாத. பழகிற ஆளுக்குப் பழசுதான் நல்லம். கீறினாலும் கவலையில்ல. நீ மெல்ல மெல்லப் பழகு. அதுவரைக்கும் சனி ஞாயிறுல நான் உன்னக் கொண்டு போறன்."

"புள்ள சனி ஞாயிறு பாத்தா பிறக்கும்?"

ஆனாலும் பழகுகிறவளுக்குப் பழசு நல்லது என்று அவன் சொன்னது பீற்றிஸுக்கு நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பார்த்தார்கள்.

முகைதீன்பாவா வியாபாரத்தை மறைக்கிற மனிதர் அல்ல.

"பழசு வாங்கிறதுல ஒரு சுகம் இருக்கு மிஸி. ஞாயித்துக்கிழமை கொண்டு போங்க. ஓடுங்க. மனசுக்குப் பிடிக்கல்லயா, திங்கக்கிழமை கொண்டுவந்து இதே இடத்துல நிப்பாட்டுங்க. டவுண்காரன் புதுசுக்கு அப்படித் தருவானா? வாசலத் தாண்டினா அது உங்கட சாமான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் சிவப்பு வண்டி புறப்பட்டது. சிறில் முன்னால், பீற்றிஸ் பின்னால். களுவாஞ்சிகுடிக் கடைத்தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிறில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினான். தெரியாதவர்களுக்கும் ஆட்டினான். குருமண்வெளித் துறைக்கு வந்ததும், "வட்டை வரைக்கும் ஓடிக் காட்டுறன் பார்" என்று, பாதைக்குப் போட்டிருந்த பலகையில் வண்டியை உருட்டி ஏற்றினான்.

பலகை ஈரம். பாதி ஏறியதும் பின் சில்லு வழுக்கியது. குதிரை ஒரு பக்கம் படுத்தது. சிறில் அதற்குக் கீழே படுத்தான்.

"ஐயோ, கால்! கால்!"

நாலு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். காலில் முறிவு இல்லை. முழங்காலில் தோல் போயிருந்தது. கால்சட்டை கிழிந்திருந்தது.

"என்ன கிளாக்கர் ஐயா, குதிரை உதைச்சுப்போட்டுதா?" என்றார் அழகரத்தினம்.

"வண்டி விழல்ல. உங்கட பலகைதான் சரிஞ்சது."

பீற்றிஸ் காயத்தைத் துடைத்துக் கட்டினாள். பிறகு எழுந்துபோய், கரை மணலில் நின்ற சிவப்பு வண்டியின் கைப்பிடியைப் பிடித்து, மெல்லச் சரித்துக் கீழே படுக்க வைத்தாள்.

"என்ன செய்யிற நீ?" என்று சிறில் கத்தினான்.

"ஒருத்தரும் கிட்ட வராதீங்க."

சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, பிடித்துத் தூக்கினாள். ஒரு சாண் எழும்பியது. திரும்பவும் படுத்தது. காலை அகட்டி வைத்து மறுபடி தூக்கினாள். முகம் சிவந்தது. இந்த முறை ஒரு சாணும் எழும்பவில்லை.

திங்கட்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முகைதீன்பாவா எஞ்சினைத் தடவிப் பார்த்தார்.

"என்ன குறை கண்டீங்க மிஸி?"

"குறை ஒண்ணுமில்ல முகைதீன் நானா. நல்ல சாமான். விழுந்தா என்னால நிமித்த ஏலாது."

"விழுந்தாத்தானே நிமித்திற?"

"விழுவன் நானா. புதுசாப் பழகிறவள் விழாம இருப்பாளா? வட்டைக்குப் போற வழியில, ஒரு காக்கா குருவி இல்லாத இடத்துல விழுவன். அதுல நாலு ஆம்பிளைக்கு நான் எங்க போற?"

முகைதீன்பாவா விற்க முடியாமல் போன மனிதரைப் போல இல்லாமல் சிரித்தார். "அது சரி. அப்ப புதுசத்தான் பாருங்க. ஆனா அதையும் விழுத்திப் பாத்து வாங்குங்க!"

அவர் பகிடிக்குச் சொன்னார். பீற்றிஸ் பகிடியாக எடுக்கவில்லை.

டவுண் கடையில் நீல வண்டி கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. கைப்பிடியில் மல்லிகை மாலை. முன்னால் குத்துவிளக்கு. விற்பனைக்கு நின்றவர் சிறிலிடம்தான் பேசினார். கிளச் இல்லை, மிதித்தால் கியர் விழும், காலுக்கு முன்னால் மறைப்பு இருப்பதால் சேறு தெறிக்காது என்று எல்லாம் சொன்னார்.

"நான்தான் ஓடப் போறன்" என்றாள் பீற்றிஸ். "இதக் கீழ சரிச்சுப் போடுங்க."

"என்னம்மா?"

"தரையில படுக்கப் போடுங்க. நான் நிமித்திப் பாக்கணும்."

அவர் சிறிலைப் பார்த்தார். சிறில் கூரையைப் பார்த்தான்.

"அம்மா, இது புதுச் சாமான். மாலை போட்டு வைச்சிருக்கம். விக்க முந்தி விழுத்தினா..."

"வித்த பிறகு விழுத்தினா என்ன, விக்க முந்தி விழுத்தினா என்ன? விழத்தானே போகுது?"

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். விஷயத்தைக் கேட்டார். இருபது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததில்லை என்றார். ஆனாலும் ஆள் அனுப்பி இரண்டு சாக்கு எடுத்துவரச் செய்து தரையில் விரித்தார். மாலையைக் கழற்றினார்கள். நீல வண்டி சாக்கின் மேல் படுத்தது.

பீற்றிஸ் பிடித்துத் தூக்கினாள். சாக்கு வழுக்கியது. சாக்கைக் காலால் ஒதுக்கிவிட்டு மறுபடி தூக்கினாள். வண்டி எழுந்து நின்றது. அவளும் மூச்சு வாங்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"இது போதும்" என்றாள்.

வண்டியை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக முதலாளி சொன்னார். திரும்பி வரும்போது, காத்தான்குடியில் சிறில் பஸ் யன்னலால் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

புது வண்டியோடு ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. பீற்றிஸ் அதை மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் படித்ததுபோல் மூன்று தடவை படித்தாள். எது எங்கே இருக்கிறது, எது நனைந்தால் என்ன ஆகும் என்று படம் பார்த்துப் பாடமாக்கினாள். பின்னேரங்களில் பள்ளிக்கூட விளையாட்டு வெளியில் ஓடப் பழகினாள். முதல் நாள் நாலு தடவை விழுந்தாள். நாலு தடவையும் தானே நிமிர்த்தினாள். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒரு கோழிக்காக ஒரு தடவை. 'எல்' பலகையை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு எட்டாம் நாள் துறை வரைக்கும் போய் வந்தாள். பாதையில் மட்டும் இன்னும் ஏற்றவில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை சிறிலோடு போய்ச் செய்வதாக இருந்தாள்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு வினாயகமூர்த்தி வந்து நின்றான். கண்ணகையின் புருசன். சைக்கிளை மதிலில் சாய்க்கக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டான்.

"மிஸி, நோ தொடங்கிட்டு. விடியத் தொடங்கினது. சொல்லாம இருந்திட்டாள்."

"எங்க இருக்காள்? மண்டூர் வீட்டுலதானே?"

அவன் தலையைக் குனிந்தான். "வாடியில."

அறுவடைக்கு வட்டையிலேயே கட்டித் தங்கும் குடிசைதான் வாடி. வெட்டுக்காரருக்குச் சமைக்க ஆள் இல்லையென்று கண்ணகை போயிருக்கிறாள். போன வருடமும் இதே கதைதான், இதே வாடிதான்.

"உனக்குப் புத்தி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பீற்றிஸ் பையை எடுத்தாள். அவன் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். முற்றத்தில் பழைய சைக்கிளும் புது மோட்டார் சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரியும். அதில் போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்றும் தெரியும்.

பையின் வாரைத் தோளில் குறுக்காக மாட்டினாள். மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.

"நீ பின்னால சைக்கிள்ல வா."

பாதை கரையில்தான் நின்றது. அழகரத்தினம் பலகையைத் துடைத்துப் போட்டார். நாலு பேர் கம்பெடுத்துத் தள்ளினார்கள். வினாயகமூர்த்தியும் மூச்சு வாங்க வந்து ஏறி, ஐந்தாவது கம்பை எடுத்தான். வாவி அன்று கண்ணாடி. அக்கரை மெல்ல மெல்ல வந்தது. பீற்றிஸுக்கு அது வருகிற வேகம் போதவில்லை.

பத்து வருடமாக அவளுக்கு ஒரு பழக்கம். பாதையின் நுனி மண்டூர்க் கரையில் தட்டியதும், அழகரத்தினம் கயிறு கட்டும்வரை காத்திருக்க மாட்டாள். சைக்கிளில் ஒரு உழக்கு, மணலில் இறங்கிவிடுவாள். அன்றும் நுனி தட்டியது. அவள் உதைத்து, கியரை மிதித்து, கைப்பிடியைத் திருகினாள்.

"மிஸி! கயிறு கட்டல்ல! பொறுங்..."

சைக்கிளுக்குப் பாதை அசையாது. மோட்டாருக்கு அசைந்தது. பின் சில்லு பலகையைப் பின்னுக்கு உதைக்க, கட்டாத பாதை கரையை விட்டு நழுவியது. இடையில் நாலு முழத்துக்குத் தண்ணீர் வாய் திறந்தது. நீல வண்டி முன் சில்லோடு அதற்குள் இறங்கி, ஒரு தடவை இருமி, பக்கவாட்டில் படுத்து அடங்கியது.

பீற்றிஸ் முழங்கால் தண்ணீரில் நின்றாள். பை தோளில் இருந்தது. நனையவில்லை.

"பிடியுங்கடா!" என்று அழகரத்தினம் குதித்தார். வினாயகமூர்த்தி குதித்தான். அவர்கள் பாதையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் பீற்றிஸ் காலை அகட்டி, கைப்பிடியைப் பிடித்து, கடையில் சாக்கின் மேல் செய்ததுபோல் ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டாள். பின்னால் அவர்கள் தள்ள, வண்டி கரையேறியது. எண்ணெய்த் தாங்கியின் கீழே புதுச் சாயம் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

உதைத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தாள்.

"முடிஞ்சுது" என்றான் வினாயகமூர்த்தி. "போன முறை மாதிரித்தான்..."

"வாய மூடு. சீற்றுக்குக் கீழ பிளக் கழட்டுற சாவி இருக்கும், எடு."

புத்தகத்தில் பதினேழாம் பக்கத்துப் படம். பிளக்கைக் கழற்றினாள். நனைந்திருந்தது. பையைத் திறந்தாள். கொடி அறுக்கும் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பிரிட் போத்தலில் பஞ்சைத் தோய்த்து, பிள்ளையின் கண்ணைத் துடைக்கிற பக்குவத்தில் பிளக்கைத் துடைத்தாள். ஊதினாள். காய்ந்த பஞ்சால் மறுபடி துடைத்துப் பூட்டினாள்.

மூன்றாவது உதையில் வண்டி புகையைக் கக்கியது. ஐந்தாவதில் பிடித்தது.

"மிஸி, மெதுவா!" என்று அழகரத்தினம் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது.

மண்டூர்க் கோயில் வீதியைச் சுற்றி, கடைசி வீட்டைத் தாண்டி, கிரவல் தடத்தில் ஏறினாள். ஒரு மணல் மேட்டில் வண்டி பாம்புபோல் நெளிந்தது. காலை ஊன்றித் தப்பினாள். இன்னொரு மேட்டில் தப்பவில்லை. விழுந்தாள். சுற்றிலும் வெட்டிய வயல், கொக்கு, வெயில். ஒரு மனிதன் இல்லை. நிமிர்த்தி ஏறி ஓடினாள்.

வாடி வாசலில் நின்ற பெண்கள் சத்தத்தைக் கேட்டு விலகினார்கள். அவள் உள்ளே போய்க் கை கழுவி முடிக்கவும் பிள்ளையின் தலை தெரியவும் சரியாக இருந்தது.

பெண் பிள்ளை. நீலம் பாய்ந்து, துணிபோல் துவண்டு வந்தது. அழவில்லை.

கண்ணகை தலையை உயர்த்திப் பார்த்தாள். கேட்பதற்குப் பயந்து கிடந்தாள்.

பீற்றிஸ் ரப்பர்க் குழாயால் வாயையும் மூக்கையும் உறிஞ்சி எடுத்தாள். காலைப் பிடித்துக் கவிழ்த்து உள்ளங்காலில் ஒரு அடி. முதுகைத் தேய்த்தாள். மறுபடி உறிஞ்சினாள். உள்ளங்காலில் இன்னொரு அடி.

பிள்ளை ஒரு தடவை இருமியது. பிறகு வட்டை முழுவதும் கேட்கும்படி வீரிட்டது.

"கத்து, கத்து" என்றாள் பீற்றிஸ். "நல்லாக் கத்து மகள்."

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கண்ணகைக்குக் காட்டினாள்.

வினாயகமூர்த்தி சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பிள்ளையைக் குளிப்பாட்டி, தாயின் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் வாசலில் சேறும் கீறலுமாக நின்ற நீல வண்டியைப் பார்த்தான். அழுகைச் சத்தத்தைக் கேட்டான். உள்ளே போகாமல், தோளில் கிடந்த சால்வையை எடுத்து வண்டியின் சேற்றைத் துடைக்கத் தொடங்கினான்.

"உள்ள போடா!" என்று பெண்கள் துரத்தினார்கள்.

அடுத்த கிழமை பீற்றிஸ் வண்டியை முகைதீன்பாவாவிடம் காட்டினாள். அவர் சுற்றி நடந்து பார்த்தார்.

"புதுசு வாங்கி எத்தின நாள் மிஸி?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு நாளைல என்ட சிவப்பவிடப் பழசாக்கிப் போட்டீங்களே! என்ன, விக்கிற எண்ணமா?"

"எண்ணெய் மாத்திற எண்ணம் மட்டுந்தான் நானா."

பிறந்து முப்பத்தொரு நாள் கழிந்த பிள்ளையைப் பார்க்க மண்டூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நீல வண்டியில் பீற்றிஸ் முன்னால், சிறில் பின்னால். அவன் மடியில் பிள்ளைக்குச் சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

"என்ன கிளாக்கர் ஐயா, பின்னுக்கு ஏறிட்டீங்க?" என்று அழகரத்தினம் தொடங்கினார்.

"ஓடுற ஆளுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேணுமே."

"அவ தண்ணிக்குள்ளால போன நாள் நீங்க இருந்திருக்கணும். அதுக்கும் ஒரு வழி சொல்லியிருப்பீங்க."

பாதை சிரித்தது. சிறிலும் சிரித்தான்.

மண்டூர்க் கரை கிட்டியது. பீற்றிஸின் கால் உதைக்கும் இடத்துக்குப் போய், அங்கேயே நின்றது. நுனி தட்டுவதற்கு முன்பே அழகரத்தினம் கயிற்றோடு தண்ணீரில் குதித்தார். கரையில் முன்பு ஒரு முளைதான் இருந்தது. இப்போது பக்கத்தில் இன்னொன்று; புதுக் கட்டை, பட்டை கூட உரிக்காதது. இரண்டிலும் இறுக்கிக் கட்டி, பாதையைக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"முதல்ல மிஸிட வண்டி. மத்தாக்கள் பொறுங்க" என்றார்.

பீற்றிஸ் உதைத்தாள். முதல் உதையிலேயே பிடித்தது. இத்தனை பேருக்கு முன்னால் பெண்சாதியின் இடுப்பைப் பிடிக்க வெட்கப்பட்டு, சிறில் சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

முதல் மணல் மேடு வந்ததும் வெட்கத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். வாழைப்பழம் நசிந்துபோனது.